நிழலும் சான்றும்
(எபிரேயப் பலிகளைக் கிறித்தவம் படித்த முறை பற்றிய ஓர் ஆய்வு)

பழைய நூலுக்குப் புதிய பொருள் காண்பது எல்லா மொழி இலக்கியங்களிலும் உள்ள வழக்கமே. ஒரு செய்யுளுக்கு உரையாசிரியர் மூவர் மூன்று பொருள் உரைப்பதை நாம் அறிவோம். அவர் மூவரும் ஒரே மரபில் நின்றவர். ஆயின், ஒரு மக்களினம் தன் உயிரெனப் போற்றிய நூலைப் பிறிதொரு சமயத்தார் தம் நூலாகவும் ஏற்று, அதன் சடங்குகள்தோறும் தம் தலைவரின் வரலாற்றைக் கண்டது உலக இலக்கியத்தில் அரிய நிகழ்ச்சியாகும். எபிரேயரின் பலிகளை இயேசுவின் சிலுவை மரணத்துக்கு முன்னடையாளம் எனக் கிறித்தவம் படித்த முறையையே ஈண்டுக் குறிப்பிடுகின்றோம்.

இஃது உண்மையா என ஆராய்தல் நம் நோக்கமன்று. அது நம்பிக்கையின்பாற் பட்டது. நாம் இலக்கியச் சுவைஞராய் நின்று, இவ்வாறு படிக்கும் முறையின் அழகு யாது, அதன் இடர் யாது என்பதனை மட்டும் காண முயல்வோம்.

பலி என்னும் மொழி

கொல்லாமையை வேள்வியினும் உயர்த்திப் பேசிய வள்ளுவரைப் படித்து வளர்ந்த நமக்கு, லேவியராகமத்தின் முதல் அதிகாரங்கள் எளிதில் சுவைப்பன அல்ல. கொழுப்பும் குருதியும் சாம்பலுமாய் அவை நம்மை எதிர்கொள்கின்றன. ஆயினும் பொறுமையோடு படிப்பார்க்கு அங்கே ஓர் ஒழுங்கான மொழி புலப்படும்.

அம்மொழியில் ஐவகைப் பலிகள் உள. சர்வாங்க தகனபலியில் இறைச்சி முழுவதும் பீடத்தில் எரியும். மனிதன் தனக்கென ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. போஜனபலியில் மாவும் எண்ணெயும் தூபவர்க்கமும் படைக்கப்படும். சமாதானபலியில் கொழுப்பு இறைவனுக்கும் ஒரு பங்கு ஆசாரியனுக்கும் போக, எஞ்சியதைக் கொண்டுவந்தவனும் அவனைச் சார்ந்தோரும் உண்பர், அது விருந்து. பாவநிவாரண பலியும் குற்றநிவாரண பலியும் தவறு செய்தவன் மீண்டும் இறைவனோடும் சமூகத்தோடும் ஒன்றுதற்கு உரியவை. ஆகவே பலி என்றாலே தண்டனை எனக் கொள்வது பிழையாகும். நன்றியும் விருந்தும் நேர்த்திக்கடனும் அம்மொழியின் சொற்களே.

இவ்விதிகளுள் நம் நெஞ்சைத் தொடுவது ஒன்றுண்டு. பாவநிவாரணத்துக்கு ஆடு கொண்டுவர இயலாத எளியவன் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம். அதற்கும் வழியற்றவன் எப்பா என்னும் அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவைக் கொண்டுவந்தால் போதும். அதில் குருதி இல்லை; எனினும் அவனுக்கும் மன்னிப்பு உண்டு. லேவியராகமம் ஐந்தாம் அதிகாரத்தில் உள்ள இந்தப் பிடி மாவை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். இறுதியில் அதற்கு வேலை உண்டு.

ஆண்டின் தலைநாளாக அமைந்தது பாவநிவிர்த்தி நாள். அன்று பிரதான ஆசாரியன் அணிகலன் மிக்க உடையைக் களைந்து எளிய சணல்நூல் உடை தரிப்பான். முதலில் தன் பாவத்துக்காகவும் தன் வீட்டாருக்காகவும் காளையைப் பலியிடுவான். பின்னர் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களுக்குச் சீட்டுப் போடுவான். கர்த்தருக்கென விழுந்த கடா கொல்லப்படும்; அதன் குருதியைத் திரைக்கு உள்ளே கொண்டுசென்று தெளிப்பான். மற்றக் கடாவின் தலைமேல் இரு கைகளையும் வைத்து மக்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதனை உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவான். அதனைத் தமிழ் வேதாகமம் ‘போக்காடு’ என அழகுறப் பெயரிட்டது. ‘போக்கிவிடப்படும் ஆடு’ என்னும் பொருள் அச்சொல்லிலேயே விளங்குகின்றது.

நிருபம் கண்ட நிழல்

இச்சடங்குகளைக் கிறித்தவக் கண்கொண்டு படித்த நூல்களுள் தலையாயது எபிரேயர் நிருபம். அதனை எழுதியவர் பெயர் நூலில் இல்லை. அது கடவுளுக்கே தெரியும் என மூன்றாம் நூற்றாண்டின் பேரறிஞர் ஓரிகன் கூறியதாக வரலாற்றாசிரியர் யூசேபியஸ் குறித்துள்ளார். பெயர் அறியப்படாத அவ்வாசிரியர் புதிய ஏற்பாட்டு எழுத்தாளருள் நடைநலம் மிக்கவர் என்பது அறிஞர் துணிபு.

அவர் வாதம் இது: ஆசாரியன் ஆண்டுதோறும் உட்சென்றான், மறுஆண்டும் சென்றான். மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியிருந்ததே அச்சடங்கு முடிவு பெறவில்லை என்பதற்குச் சான்று. அது வரவிருக்கும் நன்மைகளின் நிழல். கிறிஸ்து பிறிதோர் உயிரின் குருதியோடன்றித் தம் குருதியோடு, கையால் செய்யப்பட்ட கூடாரத்தினுள் அன்றிப் பரலோகத்தினுள்ளேயே, ஒரே முறை புகுந்தார். பலியும் அவரே, ஆசாரியரும் அவரே.

இவ்வாதத்தின் இலக்கியத் திறம் நோக்கற்பாலது. ஆசிரியர் பழைய சடங்கை இகழ்ந்து தம் கருத்தை நிறுவவில்லை. திரை, தூபம், பொற்பெட்டி என ஒவ்வொன்றையும் எண்ணிச் சொல்லிக் கூடாரத்தை நம் கண்முன் எழுப்பிய பின்னரே அதன் திரையை விலக்குகின்றார். பலிவிலங்குகளின் உடல்கள் பாளையத்துக்குப் புறம்பே சுட்டெரிக்கப்பட்டன என்னும் சிறு விதியை எடுத்து, இயேசுவும் நகரவாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் எனப் பொருத்தி, ஆகவே நாமும் அவமதிப்பைச் சுமந்து வெளியே செல்வோம் என வாசகரை அழைக்கும் இடம் அந்நூலின் சிகரங்களுள் ஒன்று. சட்டநூலின் உலர்ந்த விதியொன்று அங்கே உயிருள்ள அறைகூவலாக மாறுகின்றது.

தமிழ்ச் சொல் செய்த வேலை

இத்தகைய பொருத்தங்கள் சொற்களை நம்பி நிற்பவை. எனவே மொழிபெயர்ப்பில் அவை சில இடங்களில் அறுபடும். சில இடங்களில் புதிதாகவும் தோன்றும். உடன்படிக்கைப் பெட்டியின் பொன்மூடியைச் சீர்திருத்தச் சபையார் நெடுநாளாக வழங்கும் தமிழ் வேதாகமம் ‘கிருபாசனம்’ என்கின்றது. பாவநிவிர்த்தி நாளில் குருதி தெளிக்கப்பட்ட இடம் அதுவே. அப்பொன்மூடிக்குக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் இட்ட பெயரையே ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் இயேசுவுக்கு வழங்கினார். தமிழில் அவ்விடம் ‘கிருபாதாரபலி’ என வருகின்றது. பொன்மூடி மறைந்து பலி முன்வந்தது. ‘கிருபா’ என்னும் முற்பகுதி மட்டும் பழைய உறவைக் காத்து நிற்கின்றது.

இதற்கு எதிரான செய்தியும் உண்டு. எபிரேயர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் தைரியமாக அணுகுமாறு வாசகர் அழைக்கப்படும் இடம், கிரேக்க மூலத்தில் கிருபையின் அரியணை. பெட்டியின் மூடியைக் குறிக்கும் சொல் அங்கில்லை. தமிழ் மொழிபெயர்ப்போ அங்கும் ‘கிருபாசனம்’ என்றே கூறுகின்றது. எனவே, ஆண்டுக்கொருமுறை ஒருவன் மட்டும் அஞ்சி நெருங்கிய அதே இடத்துக்கு எல்லாரும் துணிந்து வரலாம் என்னும் முரண், தமிழில் மூலத்தினும் கூர்மையாக விளங்குகின்றது. மொழிபெயர்ப்பாளர் இதனை எண்ணிச் செய்தாரோ, சொல்லே செய்துகொண்டதோ, தமிழ் வாசகனுக்கு இது பேறேயாகும்.

பொருந்தாத ஓரங்கள்

இனி, இப்படிப்பின் பொருத்தங்களைப் புகழ்ந்த நாம் அதன் பொருந்தா ஓரங்களையும் மறைத்தல் கூடாது. பஸ்கா ஆட்டுக்குட்டி இயேசுவுக்கு முன்னடையாளம் என்பர். யோவான் சுவிசேஷம் பஸ்காவுக்கு ஆயத்தநாளில் சிலுவைப்பாட்டை வைத்து, அவர் எலும்பு முறிக்கப்படாமையைச் சிறப்பித்துக் கூறுகின்றது. எலும்பை முறிக்கலாகாது என்பது பஸ்கா விதி. ஆயின், யாத்திராகமத்தில் அக்குட்டி பாவம் போக்கும் பலியன்று. அதன் குருதி நிலைக்கால்களில் பூசப்பட்ட காப்பு அடையாளம். அதன் இறைச்சி விடுதலை இரவின் உணவு. பாவநிவிர்த்தி நாளிலும் பாவம் சுமந்த கடா கொல்லப்படவில்லை. கொல்லப்பட்ட கடாவின் தலைமேல் பாவம் அறிக்கையிடப்படவில்லை. உலகத்தின் பாவத்தைச் சுமக்கும் ஆட்டுக்குட்டி என்னும் ஒரு தொடருக்குள் பஸ்காக் குட்டியும் போக்காடும், ஏசாயா பாடிய துன்புறும் ஊழியனும் ஒருங்கே கலந்துள்ளனர்.

இதனைக் குறை என நாம் கூறவில்லை. பல உவமைகளைக் கலந்து ஒன்றாக்குதல் கவிஞர் செயல். ஆயின், கலந்து முடித்த பின், பழைய நூல் தொடக்கத்திலிருந்தே இந்த ஒன்றை மட்டும்தான் சொன்னது எனச் சாதிப்பாராயின், அங்கே கவிதை நீங்கி வழக்காடல் புகுந்துவிடுகின்றது. இரண்டாம் நூற்றாண்டளவில் எழுந்த பர்னபா நிருபம் அத்தகையது. இரு கடாக்களையும் ஒரே கிறிஸ்துவின் இருநிலைகளாகக் காண்பதில் அதன் கற்பனைத் திறம் தெரிகின்றது. ஆனால் யூதர் தம் சட்டத்தை எழுத்துப்படி கொண்டதே தவறு, உடன்படிக்கை அவர்களுடையதே அன்று என்னும்போது, அது வீட்டுக்கு உரியவரையே வீட்டினின்று வெளியேற்றுகின்றது.

அணைந்த பீடமும் இரு வாசகரும்

கி.பி. 70-இல் உரோமப் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. பலிபீடத்தின் நெருப்பு அணைந்தது. அதன்பின் லேவியராகமத்தைக் கையில் வைத்திருந்த எவர்க்கும் ஒரு கேள்வி எழுந்தது: பீடம் இல்லாத உலகில் இந்நூலை எவ்வாறு படிப்பது?

கிறித்தவர் கண்ட விடையை மேலே கூறினோம். யூத அறிஞர் கண்ட விடையும் எண்ணத்தக்கது. பாழான ஆலயத்தைக் கண்டு, பாவம் தீரும் இடம் அழிந்ததே என மாணாக்கர் ஒருவர் புலம்ப, ஆசான் யோகனான் பென் சக்காய் அவரைத் தேற்றினார் என யூத மரபு கூறும். அன்பின் செயல்களே அதற்கு நிகரான நிவாரணம் எனக் கூறி, பலியை அன்று, இரக்கத்தையே கர்த்தர் விரும்புகின்றார் என்னும் கருத்தமைந்த ஓசியா தீர்க்கதரிசியின் வாக்கை அவர் மேற்கோள் காட்டினாராம். ஆலய பலிகளின் வேளைகளுக்கு ஏற்ப நாள்வழிபாடும் அமைந்தது. பலிவிதிகளைக் கற்பதும் தொடர்ந்தது. ஆகவே, கிறித்தவம் நிறைவேறிவிட்டது எனக் கூறிய அந்நூல், யூதரிடத்தில் வேறொரு நிறைவை நாடி வாழ்ந்துகொண்டே இருந்தது, இன்றும் வாழ்கின்றது.

இதில் வியப்பு யாதெனில், ஓசியாவின் அதே வாக்கை மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு இருமுறை எடுத்தாள்கின்றார். ஒரே வாக்கு இரு வீடுகளிலும் விளக்காக நின்றது. விளக்கு யாருடையது என வழக்காடுவதினும், அவ்வொளியில் இருவரும் எதனைப் படித்தனர் எனக் காண்பதே திறனாய்வாளன் கடன்.

ஈசாக்கின் வரலாறும் அவ்வாறே. மகனைப் பலியிட ஆபிரகாம் மலையேறுகின்றான். மகன் தன்னை எரிக்கவேண்டிய விறகைத் தானே சுமக்கின்றான். சிலுவை சுமந்த இயேசுவுக்கு இது முன்னடையாளம் எனக் கிறித்தவ ஆசிரியர் உரைத்தனர். யூத ரபிமாரின் பழைய உரைத்தொகுதியாகிய ஆதியாகம ரப்பாவும், விறகு சுமந்த ஈசாக்கைத் தன் தோளில் சிலுவை சுமந்து செல்பவனுக்கு ஒப்பிடுகின்றது. உரோமர் ஆட்சியில் சிலுவைகளைக் கண்ட மக்களுக்கு அவ்வுவமை அயலாகத் தோன்றவில்லை. ஓர் உவமையில் இரு சமயத்தாரும் இவ்வளவு அணுக்கமாய் நின்றும் ஒருவரையொருவர் காணாது போயினர்.

மெலித்தோவின் களிமண் உரு

அணுக்கம் பகையாக மாறியதனை ஒரு நூலில் தெளிவாகக் காணலாம். சர்தை நகரச் சபைத் தலைவர் மெலித்தோ இரண்டாம் நூற்றாண்டில் ஆற்றிய பஸ்கா உரை அது. நெடுங்காலம் மறைந்திருந்த அந்நூலைக் கேம்பெல் பானர் 1940-இல் பாப்பிரசு ஏட்டிலிருந்து பதிப்பித்தார். யூதர் பஸ்கா கொண்டாடும் நிசான் 14-ஆம் நாளிலேயே தாமும் கொண்டாடிய மரபினர் மெலித்தோ. அவருடைய நடையில் எதிரெதிர்ச் சொற்கள் அடுக்கடுக்காய் வந்து தாளமிடும். முன்னடையாளக் கொள்கைக்கு அவர் தந்த உவமை புகழ்பெற்றது. சிற்பி பெரிய படைப்பைத் தொடங்குமுன் மெழுகிலோ களிமண்ணிலோ மரத்திலோ சிறிய உரு ஒன்று செய்கின்றான். படைப்பு முடிந்தபின் அச்சிற்றுருவுக்குப் பயனில்லை, அது கைவிடப்படும்.

உவமை அழகியதே. ஆயின் அதனை அவர் எதன்மேல் ஏற்றுகின்றார் என்பதே கேள்வி. சடங்கின்மேல் மட்டும் ஏற்றியிருந்தால் எபிரேயர் நிருபத்தின் எல்லைக்குள் நின்றிருப்பார். அவரோ மக்களினமே முன்மாதிரி உருவாக இருந்தது என்கின்றார். சபை எழுந்தபின் அம்மக்கள் வெறுமையாயினர் என்கின்றார். அவ்வுரையின் பிற்பகுதியில் கடவுளைக் கொன்ற பழி இசுரவேல்மீது சுமத்தப்படுகின்றது. களிமண் உருவை உடைத்தெறியலாம். மக்களை அவ்வாறு செய்யலாமோ? இவ்வொரு பழி பிற்காலத்து ஐரோப்பாவில் எத்துணைக் கொடுமைகளுக்குத் துணைநின்றது என்பதனை வரலாறு அறியும். அப்பழியை எல்லா யூதர்மேலும் சுமத்துதல் ஆகாது என இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-இல் அறிவித்தது. மெலித்தோவின் காலத்திலிருந்து அதுவரை கழிந்தவை பதினெட்டு நூற்றாண்டுகள்.

நிழல் கரையாத படிப்பு

அங்ஙனமாயின் இம்முறையையே கைவிட வேண்டுமா? வேண்டுவதில்லை எனக் கூறியவர் ஒருவர் உளர். அவர் இக்கேள்வியால் சுடப்பட்டவர். எரிக் ஆவர்பாக் செருமானிய யூதர். நாசி அரசின் சட்டத்தால் 1935-இல் மார்பர்க் பல்கலைக்கழகப் பதவியை இழந்து, இசுதான்புல் நகரில் புகலடைந்தார். அங்கிருந்த காலத்தில், 1938-இல் ‘ஃபிகூரா’ என்னும் கட்டுரையை வெளியிட்டார். ஆபிரகாம் மகனைப் பலியிடச் செல்லும் பகுதியை ஓமரின் காப்பியத்தோடு ஒப்பிட்டுத் தொடங்கும் ‘மிமெசிஸ்’ என்னும் அவருடைய பெருநூல் 1946-இல் வெளிவந்தது.

ஆவர்பாக்கின் கருத்தைச் சுருக்கிக் கூறுவோம். முன்னடையாளப் படிப்பு வெறும் உருவகப் படிப்பன்று. உருவகத்தில் முதற்பொருள் வெறுங்கூடு; கருத்தை எடுத்தபின் அதனை எறிந்துவிடலாம். முன்னடையாளத்திலோ முதல் நிகழ்ச்சியும் உண்மையாய் நடந்தது. இரண்டாவதும் உண்மையாய் நடந்தது. முதலாவது தன்னையும் குறிக்கும், பின்வருவதையும் குறிக்கும். பின்னது நிறைவேற்றும், அழிக்காது.

இக்கருத்து தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் கூறிய உள்ளுறை உவமத்தில், பொய்கைத் தாமரையை எருமை மிதித்துச் செல்லுமாயின், அது தலைவியைப் பிரிந்த தலைவனைக் குறிக்கலாம். ஆயினும் எருமை எருமையே, தாமரை தாமரையே. மருத நிலத்தின் சேறு நம் காலில் ஒட்டினாலன்றி உள்ளுறை சிறவாது. ஒரு வேறுபாடும் உண்டு. உள்ளுறையில் இரு பொருளையும் ஒரே புலவன் ஒரே பாட்டில் அமைக்கின்றான்; அவன் கருப்பொருளுள் தெய்வத்தை விலக்கியே உள்ளுறை கொள்ளவேண்டும் என்பது விதி. முன்னடையாளத்திலோ ஒருவர் எழுதிய நூலின் உள்ளுறையை வேறொருவர் பன்னூற்றாண்டுக்குப் பின் கூறுகின்றார். அதனைத் தெய்வத்தின் பெயராலேயே கூறுகின்றார். எனவே அவருக்கு இருமடங்கு எச்சரிக்கை வேண்டும்.

சான்றுகளின் மேகம்

அவ்வெச்சரிக்கை எபிரேயர் நிருபத்திலேயே உண்டு என்பதுதான் நாம் கூற வந்த கருத்து. அந்நூல் முற்றும் குற்றமற்றது என்று கூறமாட்டோம். பழைய உடன்படிக்கை நாள்பட்டு மறையும் நிலையில் உள்ளது என எட்டாம் அதிகாரம் கூறுகின்றது. மெலித்தோ போன்றோர் பற்றிக்கொள்ள அஃதோர் இடமாயிற்று. ஆயின் பதினோராம் அதிகாரத்தில் காட்சி மாறுகின்றது. ஆபேல், நோவா, ஆபிரகாம், சாராள், மோசே, ராகாப் என முன்னோர் ஒவ்வொருவராய் வருகின்றனர். கூடாரத்தையும் குருதியையும் நிழல் என்ற அதே ஆசிரியர் இவர்களை நிழல் என்று கூறவில்லை. இவர்களைச் சாட்சிகள் என்கின்றார். திரண்ட மேகம் போல் நம்மைச் சூழ்ந்து நிற்போர் என்கின்றார். நம்மையன்றி அவர்கள் பூரணராவதில்லை என அவ்வதிகாரம் முடிகின்றது. அவர்களுடைய நிறைவு நமக்காகக் காத்திருக்கின்றது என்பது அதன் பொருள். அவர்கள் தேவையற்றுப் போயினர் என்னும் பொருளுக்கு அங்கே இடமில்லை.

சடங்கு நிழலாகலாம், மனிதர் நிழலாகார். இவ்வேறுபாட்டை நிருபத்தின் ஆசிரியர் உணர்ந்திருந்தார், மெலித்தோ மறந்தார். முன்னடையாளப் படிப்பை மதிப்பிட இதனினும் சிறந்த அளவுகோல் நமக்குத் தென்படவில்லை. பழைய நூலின் மனிதரைச் சான்றாக நிறுத்தும் படிப்பு அந்நூலை வளமாக்கும். அவர்களைக் களிமண் உருவாக்கும் படிப்பு, எத்துணை இனிய நடையில் எழுதப்படினும், நூலை உரியவர் கையிலிருந்து பறிப்பதாகும்.

இப்போது அந்தப் பிடி மாவை மீண்டும் எண்ணுவோம். சட்டத்தின்படி எல்லாம் குருதியாலேயே தூய்மையடையும் என ஒன்பதாம் அதிகாரத்தில் உரைக்கும் நிருப ஆசிரியர், அவ்விடத்தில் ‘ஏறக்குறைய’ என்னும் பொருளுடைய ஒரு சொல்லை முன்னே வைத்துள்ளார். அச்சொல் இல்லாதிருப்பின் அவர் வாதம் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். ஆயினும் லேவியராகமத்தை முழுதும் கற்ற அவர், ஆடும் புறாவும் வாங்க வழியற்று மாவோடு வந்து நின்ற ஏழையைத் தம் வாதத்துக்காக வெளியே தள்ளவில்லை. அந்த ஒரு சொல்லில் அவனுக்கு இடம் விட்டிருக்கின்றார். பழைய நூலைப் புதிதாய்ப் படிக்க முன்வருவோர் எல்லாரும் அவரிடம் கற்கவேண்டியது அதுவே.